கேஸ் கீசர் ஐந்து நிமிடத்தில் அணைகிறது, சென்சார் ஒயரை எடுத்துவிடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒரு முறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். ஊட்டியில் வாடகை வீடு. குளியலறைக்குள் சுவரில் 6 லிட்டர் கேஸ் கீசர், சிலிண்டர் வெளியே நடையில். குழாயைத் திறந்ததும் டிக் டிக் என்று ஸ்பார்க் அடித்து நன்றாகப் பற்றிக்கொள்கிறது. நான்கைந்து நிமிடத்தில் தானாக அணைகிறது. கொஞ்ச நேரம் விட்டுத் திறந்தால் மறுபடி எரிகிறது. பேட்டரி மாற்றியும் அதே கதை. தெரிந்த பிளம்பர் ஒருவர், மேலே இருக்கிற சென்சாரின் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றாக முறுக்கிவிட்டால் அணையாது என்கிறார். அப்படிச் செய்யலாமா என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். குளிர் தாங்காமல் வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருக்கிறீர்கள். குளித்துவிட்டு வரும்போது உங்கள் மனைவிக்கு இந்த வாரம் இரண்டு முறை தலைவலியும் குமட்டலும் வந்திருக்கிறது.

நான் பல வருடங்களாக கேஸ் அடுப்பும் கீசரும் சர்வீஸ் செய்கிறவன், கோவையிலும் நீலகிரியிலும். நீங்கள் கேட்டது ஒயரைப் பற்றி. ஆனால் உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி அந்தக் கடைசி இரண்டு வரிதான். ஒயரைச் சேர்க்க வேண்டாம். அந்தக் கீசரில் இனி யாரும் குளிக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று விளக்குகிறேன், அப்புறம் கீசர் ஏன் அணைகிறது என்பதற்கு வருகிறேன்.

தலைவலியும் குமட்டலும் கார்பன் மோனாக்சைடால்தான் (காற்று போதாமல் கேஸ் அரைகுறையாக எரியும்போது வரும் விஷ வாயு) வந்தது என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒற்றைத் தலைவலி இருக்கலாம், வெறும் வயிற்றில் குளித்ததாக இருக்கலாம், மலைக்குப் புதிதாக வந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் மூடிய அறை, உள்ளேயே எரியும் கேஸ், குளியலை ஒட்டியே வரும் தலைவலி, இந்த மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்தால், அது இல்லை என்று தெரியும்வரை அதுதான் என்று எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. சமையல் கேஸ் கசிந்தால் நாறுவதற்காக அதில் ஒரு வாசனைப் பொருளைக் கலக்கிறார்கள். எரிந்து முடிந்த புகையில் அந்த வாசனை இருக்காது. அதனால் "எந்த நாற்றமும் வரவில்லையே" என்பது ஆறுதல் தரும் விஷயம் இல்லை. இந்த வாயு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். அப்புறம் கால் துவண்டு போகும், தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும் என்று தோன்றினாலும் கை ஒத்துழைக்காது. குளியலறையில் இப்படி மயங்கி விழுந்து, சிலருக்கு வலிப்பு வந்து, அதை வேறு நோய் என்று நினைத்து மருத்துவம் பார்த்த சம்பவங்களை நம் நாட்டு மருத்துவர்கள் நிறையப் பதிவு செய்து, "கேஸ் கீசர் சிண்ட்ரோம்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் மருத்துவன் இல்லை, அதனால் இதில் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் மனைவியை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், காட்டும்போது "குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கிறது" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. இதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. சாதாரணக் காற்றை நான்கைந்து மணி நேரம் சுவாசித்தாலே ரத்தத்தில் இருந்ததில் பாதி போய்விடும், எனவே தலைவலி வந்த அன்றே போனால்தான் அந்தப் பரிசோதனை பேசும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கும், அதை வைத்துப் பார்த்து 98 காட்டுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்றே காட்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது இன்னும் மோசம். யாராவது உள்ளே மயங்கியிருந்தால் கதவைத் திறந்து, முடிந்தால் உடைத்து, வெளிக்காற்றுக்கு இழுத்துவந்து, கேஸை மூடி, 108-ஐ அழைக்க வேண்டும். காப்பாற்றப் போகிறவர் உள்ளே நிற்கக் கூடாது.

சரி, இப்போது கீசர். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எது கோளாறு, எது கோளாறு இல்லை என்று உங்களுக்கே பிடிபடும். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் ஒரு ரப்பர் டயாஃப்ரத்தை, அதாவது மெல்லிய ரப்பர் தகட்டை, தள்ளுகிறது. அது ஒரு ஊசியைத் தள்ளி கேஸ் வழியைத் திறக்கிறது, கூடவே ஒரு மைக்ரோ சுவிட்சையும் தட்டுகிறது. இரண்டு பெரிய பேட்டரி, அதாவது 3 வோல்ட், ஸ்பார்க் அடிக்கவும், மின்சாரத்தில் இயங்கிக் கேஸை விடும் சோலனாய்டு வால்வைத் திறந்து வைக்கவும் போகிறது. தீ பற்றியதும் தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி, தீ வழியாக ஓடும் மிகச் சிறிய மின்னோட்டத்தை உணர்ந்து, "பற்றிவிட்டது" என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. அந்தச் செய்தி வராவிட்டால் சில நொடிகளில் பெட்டி கேஸை மூடிவிடும். இது போக, காயில் (தண்ணீர் ஓடிச் சூடாகும் குழாய்ச் சுருள்) அளவுக்கு மீறிச் சூடானால் அணைக்க ஒரு வெப்ப சுவிட்ச் உண்டு. சில மாடல்களில் ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும் சென்சாரும், 20 நிமிடத்தில் தானாக நிறுத்தும் டைமரும் உண்டு. ஆக, ஒரு கேஸ் கீசர் பாதியில் அணைகிறது என்றால் பெரும்பாலும் அது கெட்டுப்போகவில்லை. ஏதோ ஒன்று அதை அணையச் சொல்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

உங்கள் கீசரில் பற்றுவது வரை எல்லாம் சரியாக நடக்கிறது. இது உறுதி. டயாஃப்ரம், மைக்ரோ சுவிட்ச், பேட்டரி, ஸ்பார்க் எல்லாம் வேலை செய்கின்றன. தீயை உணரும் கம்பியும் பெரும்பாலும் சரிதான், ஏனென்றால் அதில் கரி படிந்தாலோ அதன் பீங்கான் விரிசல் விட்டாலோ நொடிகளில் அணையும், நிமிடங்கள் ஆகாது. டைமராகவும் இருக்க முடியாது, நேரம் ஒத்துவரவில்லை. மிச்சம் இருக்கும் சந்தேகம் மூன்று: காற்று போதவில்லை, கேஸ் போதவில்லை, அல்லது தண்ணீர் போதாமல் காயில் சூடாகிறது. மூன்றும் ஊட்டியில் குளிர்காலத்தில் ஒன்றாகவே வரும் என்பதுதான் சிக்கல்.

காற்றை முதலில் எடுத்துக்கொள்வோம், எனக்கு அதன் மேல்தான் அதிகச் சந்தேகம். 6 லிட்டர் கீசர் என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்தும் என்று பொருள். அதற்குத் தண்ணீருக்குள் மட்டும் சுமார் 10.5 கிலோவாட் போக வேண்டும், வீணாவதையும் சேர்த்தால் 12 கிலோவாட். முழுத் தீயில் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று குறைவான கேஸ். சமையல் அடுப்பின் ஒரு பர்னர் முழுத் தீயில் மணிக்கு 150 முதல் 200 கிராம்தான் எடுக்கும். அதாவது ஐந்தாறு பர்னரை ஒரே நேரத்தில் அந்தச் சின்ன அறைக்குள் எரிப்பதற்குச் சமம். ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்துக்கு ஏழடி, எட்டடி உயரம் உள்ள குளியலறையில் மொத்தமே 8 கன மீட்டர் காற்றுதான் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கீசர் அதில் ஒரு கன மீட்டரைத் தின்றுவிடும்.

இது சமவெளிக் கணக்கு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்று ஏறக்குறைய கால் பங்கு மெல்லியது. ரெகுலேட்டர் வழியாக வரும் கேஸ் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே கோவையில் நீலமாக எரியும் அதே பர்னர் ஊட்டியில் காற்றுக்குத் திணறும். ஒரு கன மீட்டர் என்பது அங்கே ஒன்றேகால் கன மீட்டருக்கு மேல் ஆகிவிடும். கதவும் வெண்டிலேட்டரும் உண்மையிலேயே காற்றுப் புகாமல் மூடியிருந்தால், ஐந்தாறு நிமிடத்தில் அறையின் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18-க்குக் கீழே வந்துவிடும். பர்னர்கள் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடை அதிகமாகக் கக்கத் தொடங்குவது அந்த அளவுக்குப் பக்கத்தில்தான். ஆக்சிஜன் சென்சார் உள்ள கீசர்கள் அணைவதும் அங்கேதான். உங்கள் நான்கைந்து நிமிடம் இதோடு நன்றாக ஒத்துப்போகிறது. கதவிடுக்கில் கொஞ்சம் காற்று வரும், நீங்கள் தீயைக் குறைத்து வைத்திருக்கலாம், அதனால் இந்தக் கணக்கை நான் சாட்சியாகத்தான் சொல்கிறேன், தீர்ப்பாக இல்லை. ஆனால் அட்டை வைத்து அடைத்த பிறகுதான் அணையத் தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை.

அப்படியானால் அந்த ஒயரைச் சேர்ப்பதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். உங்கள் பிளம்பர் காட்டியது ஆக்சிஜன் சென்சாரா, சூடு அதிகமானால் அணைக்கும் சுவிட்சா என்பது கீசரைத் திறந்து பார்க்காமல் எனக்குத் தெரியாது. மாடலுக்கு மாடல் இடம் மாறும். இரண்டில் எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான். முதலாவதைச் சேர்த்தால் கீசர் அணையாது, உள்ளே இருப்பவர் மயங்கும் வரையிலும் அதற்கு அப்புறமும் எரிந்துகொண்டே இருக்கும். இரண்டாவதைச் சேர்த்தால் தண்ணீர் நின்றுபோன நேரத்தில் காயில் காய்ந்து, உள்ளே மிச்சம் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகி, குழாயோ இணைப்போ வெடித்துக்கொண்டு வரும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பலர் இப்படிச் செய்து "சரியாகிவிட்டது" என்று பணம் வாங்கிப் போவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய யோசனை அது. ஏற்கெனவே யாராவது உங்கள் கீசரில் இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்பதையும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகை வீட்டுக் கீசர்களில் மூடியைக் கழற்றினால் டேப் சுற்றிய ஒயர் முடிச்சைப் பார்ப்பது எனக்குப் புதிதில்லை.

இரண்டாவது சந்தேகம் கேஸ். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. நாம் இழுக்க இழுக்க அது ஆவியாகிறது, ஆவியாகும்போது சிலிண்டரையே குளிர வைக்கிறது. சமையல் கேஸில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், ஆனால் பியூட்டேனின் கொதிநிலை பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேதான். ஊட்டியில் ஜனவரி காலையில் நடையில் நிற்கும் சிலிண்டர் ஏற்கெனவே ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதிலிருந்து ஐந்தாறு பர்னர் அளவு கேஸை ஒரே மூச்சில் இழுத்தால் அது இன்னும் குளிர்ந்து, பியூட்டேன் எழும்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். சிலிண்டர் பாதிக்குக் கீழே போனால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் வெப்பத்தை உறிஞ்ச நனைந்த பரப்பு குறைகிறது. அடையாளம் எளிது. தீ ஒரேயடியாக அணையாது, முதலில் மெல்ல மெல்லச் சின்னதாகும், தண்ணீரின் சூடும் குறைந்துகொண்டே வரும், சிலிண்டரின் கீழ்ப்பாகம் வியர்த்துக் கையில் சில்லிடும், சில சமயம் பனிகூடப் படியும். கொஞ்ச நேரம் விட்டால் சிலிண்டர் சுற்றுப்புறச் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி எரியும், உங்கள் கீசர் செய்வது போலவே. இதற்குத் தீர்வு தீயைக் குறைத்து வைப்பதும், சிலிண்டர் கடைசிக்கு வரும்முன் மாற்றுவதும்தான். மலைப்பகுதியில் சிலர் சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் வைப்பதையும், கவிழ்த்தோ சாய்த்தோ வைப்பதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். சாய்த்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும், பர்னரில் தீ சீறிக்கொண்டு எழும். அழுத்தம் போதவில்லை என்று ஹோட்டல் அடுப்புக்கு விற்கும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டுவதும் அப்படித்தான். வீட்டுக் கருவிகள் எல்லாம் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்துக்குச் செய்தவை, அதற்கு மேல் கொடுத்தால் தீ காயிலையும் தாண்டி வரும்.

மூன்றாவது, தண்ணீர். 25 டிகிரி உயர்த்தும் கீசர் சென்னையில் 26 டிகிரித் தண்ணீரை 51 ஆக்கும், அங்கே பச்சைத் தண்ணீர் கலந்துதான் குளிக்க முடியும். ஊட்டியில் தொட்டித் தண்ணீர் விடியற்காலையில் பத்து டிகிரிக்குப் பக்கம் இருந்தால் அதே கீசர் 35 டிகிரி தரும், அது வெதுவெதுப்புகூட இல்லை. அதனால் எல்லாரும் செய்வது, குழாயைக் குறைத்து வைப்பது. குறைந்த தண்ணீர் காயிலுக்குள் அதிக நேரம் நின்று நன்றாகச் சூடாகும். இதில் தவறில்லை, ஆனால் ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் ஒன்று டயாஃப்ரம் தாங்காமல் அணையும், இல்லையென்றால் காயில் அதிகம் சூடாகி வெப்ப சுவிட்ச் அணைக்கும். அணையும் நேரத்தில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். குளிக்க ஆரம்பித்த சிறிது நேரத்தில் அடுத்த வீட்டிலோ சமையலறையிலோ யாராவது குழாயைத் திறந்தாலும் இதே நடக்கும். மேல்நிலைத் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். ஓட்டு வீட்டின் மேல் இரண்டு மீட்டரில் வைத்த தொட்டி கீசருக்குத் தேவையான குறைந்தபட்ச அழுத்தத்தின் ஓரத்தில்தான் நிற்கும். தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை வடிகட்டி இருக்கும், துருவும் மணலும் அடைப்பது அங்கேதான். தண்ணீர் வால்வை மூடி, அந்த நட்டைக் கழற்றி, வலையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது நீங்களே செய்யக்கூடிய வேலை. ஷவர் தலையில் உள்ள துளைகளையும் அப்படியே பாருங்கள். போர் தண்ணீர் பயன்படுத்தும் ஊர்களில் காயிலுக்குள்ளேயே உப்புப் படிந்து வழியைக் குறுக்கிவிடும், கொதிக்கும் பாத்திரம் போல உள்ளே கடகடவென்று சத்தம் வரும். ஊட்டியில் அந்தத் தொல்லை சமவெளி அளவுக்கு இல்லை.

இந்த மூன்றில் எது என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. மெக்கானிக் வருவதற்கு முன் இதைச் செய்து வைத்தால் அவர் வேலை பாதியாகும். அட்டையை எடுத்துவிடுங்கள். குளியலறைக் கதவு, வீட்டு வாசல் கதவு, எதிர் ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்து வையுங்கள். யாரும் உள்ளே குளிக்கக் கூடாது, தண்ணீர் வாளியில் விழட்டும், நீங்கள் கதவுக்கு வெளியே நின்று கீசரின் கண்ணாடித் துளையில் தீயைப் பாருங்கள். தீ மஞ்சளாக எரிந்தாலோ, கீசரின் மேல் பக்கத்தில் கரி படிந்திருந்தாலோ, பற்றும்போது டப்பென்று சத்தம் வந்தாலோ, சோதனையை அங்கேயே நிறுத்திக் கேஸை மூடிவிடுங்கள். அது சுத்தம் செய்யாமல் தொடவே கூடாத கீசர். பர்னரின் காற்றுத் துளைகளில் சிலந்தி வலையும் தூசியும் அடைத்தால்கூட இப்படி ஆகும். நீலமாக எரிந்து, திறந்த வீட்டில் பத்து நிமிடமும் அணையவில்லை என்றால், உங்கள் கீசரில் கோளாறே இல்லை, அது காற்றில்லாத இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. திறந்திருந்தும் தீ மெல்லச் சுருங்கி அணைந்தால் கேஸ். தீ முழுசாக இருக்கும்போதே சட்டென்று அணைந்து, தண்ணீரும் அந்த நேரத்தில் சுட்டால் காயில் சூடு, அதாவது தண்ணீர் ஓட்டம். முழுத் தீயில், தண்ணீர் சாதாரணச் சூட்டில் இருக்கும்போதே அணைந்தால் அந்த வெப்ப சுவிட்சோ கட்டுப்பாட்டுப் பெட்டியோ பழுதாகியிருக்கலாம், அப்போதும் செய்ய வேண்டியது அதே கம்பெனி உதிரியைப் புதிதாகப் போடுவது, ஒயரைச் சேர்ப்பது இல்லை. மூடிய அறையில் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டாம். மூடினால் என்ன ஆகிறது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

பேட்டரி பற்றி ஒரு சின்னக் குறிப்பு, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து. ஸ்பார்க் சத்தமே வரவில்லை என்றால் பேட்டரியும் தண்ணீர் அழுத்தமும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. ஸ்பார்க் அடித்தும் பற்றவில்லை என்றால் கேஸ் வரவில்லை, புது சிலிண்டர் மாற்றியிருந்தால் டியூபில் இருக்கும் காற்று போகும் வரை இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கும். ரீசார்ஜ் பேட்டரிகள் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் தரும், பல கீசர்கள் அதில் ஸ்பார்க் அடிக்கும், ஆனால் வால்வைப் பிடித்து வைக்கச் சக்தி போதாது. குழாயை மூடிய பிறகும் கீசர் எரிந்துகொண்டிருந்தால் அது வேறு வகை ஆபத்து, டயாஃப்ரத்தின் ஊசி சிக்கியிருக்கிறது. சிலிண்டரை மூடிவிட்டு மெக்கானிக் வரும் வரை திறக்கவே கூடாது.

இனி நிரந்தரமாக என்ன செய்யலாம் என்பது. சோதனையில் எந்த முடிவு வந்தாலும் கீசர் குளியலறைக்கு வெளியே போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. காரணம் கேஸாகவோ தண்ணீராகவோ இருந்து அதைச் சரிசெய்தாலும், அடைத்த அறைக்குள் மணிக்கு ஒரு கிலோ கேஸ் எரிப்பது அப்படியேதான் இருக்கும். சரியான இடம் குளியலறைச் சுவரின் வெளிப்பக்கம், மழை நேராக விழாத, ஆனால் திறந்த தாழ்வாரம் அல்லது பால்கனி. வெந்நீர்க் குழாயை மட்டும் சுவரில் துளையிட்டு உள்ளே கொண்டுவரலாம். குளியலறை வெண்டிலேட்டருக்கு நேர் கீழே மாட்டினால் புகை அதே வழியில் உள்ளே வரும், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் இழுத்தே கொண்டுவரும், அதனால் அதற்கு விலகி இருக்கட்டும். சிலிண்டர் நிமிர்ந்து, தரைமட்டத்தில், காற்றோட்டத்தில் நிற்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். பச்சைக் குழாயையோ பிளாஸ்டிக் குழாயையோ மாட்டாமல், உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் போடுங்கள், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றிய பின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று பாருங்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் 1906 எண்ணில் எந்நேரமும் கூப்பிடலாம். புதுக் கீசர் வாங்குவதாக இருந்தால் ஐ.எஸ். 15558 எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஆக்சிஜன் சென்சார் உள்ளதா என்றும் கேளுங்கள்.

வெண்டிலேட்டரைத் திறந்து வைத்தால் மட்டும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். அட்டையை எடுத்தால் ஆபத்து குறையும், அது உண்மை. ஆனால் ஊட்டிக் குளிரில் யாரோ ஒருவர் ஒரு நாள் அதை மறுபடி அடைப்பார், வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு இது தெரியாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்கிறது, வாங்கி வைப்பது நல்லது, ஆனால் கேஸ் கசிவு அலாரமும் புகை அலாரமும் இதைக் காட்டாது, பெயரைப் பார்த்து வாங்குங்கள். அதை நீராவி படும் குளியலறைக்குள் வைக்காமல் வாசலுக்கு வெளியே வையுங்கள். இதே அலாரம் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு மூட்டுகிறவர்களுக்கும் வேண்டும். மலை ஊர்களில் அப்படித் தூங்கி எழாமல் போனவர்கள் பற்றிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள், காரணம் இதே வாயுதான்.

வீட்டு ஓனர் இடம் மாற்ற ஒத்துக்கொள்ளாவிட்டால் கேஸ் கீசரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, 15 லிட்டர் மின்சார கீசர் மாட்டிக்கொள்ளுங்கள். 2 கிலோவாட் என்பதால் 16 ஆம்பியர் சாக்கெட்டும் சரியான எர்த்தும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். ஓனரிடம் பேசும்போது மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கையில் வைத்திருங்கள்.

மெக்கானிக்கை அழைக்கும்போது "கீசர் அணைகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நிமிடத்தில் அணைந்தது, தீ சுருங்கி அணைந்ததா சட்டென்று அணைந்ததா, அப்போது தண்ணீர் எவ்வளவு சூடு, சிலிண்டர் வியர்த்திருந்ததா, கதவு திறந்திருந்ததா, இந்த ஐந்தையும் சொல்லுங்கள். சோதனை முடிந்ததும் அவற்றை இங்கேயும் எழுதுங்கள், கீசரின் மாடல் எண்ணோடு. எந்த சென்சார் எங்கே இருக்கிறது என்று அப்போது இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும். அதற்கு முன்னால் உங்கள் மனைவியை மருத்துவரிடம் கூட்டிப் போய்விடுங்கள்.